மிதிவானொலி தந்த பெருமகன் அல்பிரெட் ட்றேகர்

நோயாளிக்கு மருந்து கிடைப்பதற்கு முன்னர், அவர் நோயுற்றிருக்கிறார் என்ற செய்தி வைத்தியரிடம் போய்ச் சேரவேண்டும். தெருவுக்குத் தெரு தொலைபேசி ஒலிக்கும் காலத்தில் இது ஒரு பெரிய காரியமாகத் தோன்றாது. ஆனால் இந்தச் செய்தி போய்ச் சேராத ஒரே காரணத்தால் உயிர்கள் மாண்டுகொண்டிருந்த ஒரு தேசம் இருந்தது. அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் அல்பிரெட் ட்றேகர் என்னும் வானொலி விற்பன்னர்.

இன்று நம்மவர் பலர் குடியேறி வாழும் அவுஸ்திரேலியாவே அத்தேசம். இலங்கையைப் போல் நூறு மடங்குக்கும் மேற்பட்ட நிலப்பரப்பைக் கொண்டது. மக்களிற் பெரும்பாலோர் கரையோர நகரங்களிலே வாழ, உள்நாடோ வறண்ட பெருவெளியாக விரிந்து கிடக்கிறது. அங்கே ஒரு மாட்டுப்பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் இடையில் ஐம்பது மைலும் இருக்கலாம், நூறு மைலும் இருக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பண்ணைகளில் வாழ்ந்தவர்களுக்குத் தந்தியில்லை, தொலைபேசியில்லை, பாதை என்று சொல்லத்தக்க பாதையுமில்லை. பிரசவ வேதனையில் ஒரு பெண் துடித்தாலும், குழந்தை ஒன்று காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தாலும் வண்டியைப் பூட்டிக்கொண்டு நாட்கணக்காகப் போகவேண்டியதுதான். போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. வழியிலேயே புதைக்கப்பட்டவர்களும் உண்டு.

1917ஆம் ஆண்டில் நடந்த ஒரு சம்பவம் அந்நாட்டு மக்களின் மனத்தை உலுக்கியது. வடமேற்குப் பகுதியிலே ஜிம்மி டார்சி என்ற இளம் மாட்டுத்தொழிலாளி குதிரையிலிருந்து வீழ்ந்து உட்காயமுற்றார். கூட்டாளிகள் அவரை வண்டியிலே கிடத்திப் பன்னிரண்டு மணித்தியாலம் பயணஞ்செய்து ஹோல்ஸ் கிறீக் என்ற சிற்றூருக்குக் கொண்டுவந்தனர். அங்கே வைத்தியர் இல்லை. முதலுதவிப் பயிற்சி பெற்ற தபாலதிபர் ஒருவரே இருந்தார். அவர் இரண்டாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள பேர்த் நகர வைத்தியருக்குத் தந்தியடித்தார். உடனே அறுவைச்சிகிச்சை செய்யாவிட்டால் ஆள் தப்பமாட்டார் என்று வைத்தியர் அறிவித்தார். வேறு வழியின்றி, தந்தியிலே வரிவரியாக வந்த அறிவுறுத்தலின்படி தபாலதிபரே பேனாக்கத்தி கொண்டு அறுவைச்சிகிச்சை செய்தார். வைத்தியரும் கப்பல், மோட்டார், குதிரை என மாறிமாறிப் பயணஞ்செய்து பல நாட்களின் பின் வந்து சேர்ந்தார். டார்சியோ அதற்கு முதல்நாள் இறந்துவிட்டார்.

ஹோல்ஸ் கிறீக்கில் தந்திக் கம்பியாவது இருந்தது. அதுவுமில்லாத பண்ணைகளே அதிகம் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இக்குறையைத் தீர்க்கப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் ஜோன் பிளின் என்னும் கிறிஸ்தவ மதகுரு. உள்நாட்டு மக்களுக்காகச் சிறு வைத்தியசாலைகளையும் தாதிமார் விடுதிகளையும் அமைத்தவர். வைத்தியரை ஆகாய விமானத்திலே அனுப்பலாம் என்ற எண்ணம் 1917ஆம் ஆண்டளவிலேயே அவருக்கு உண்டாயிற்று. எனினும் விமானம் மட்டும் இருந்து என்ன பயன்? எந்தப் பண்ணைக்குப் பறப்பது என்று வைத்தியருக்கு யார் சொல்வது? ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பி இழுப்பதோ நடவாத காரியம். கம்பியில்லாத் தந்தி ஒன்றே வழி எனப் பிளின் கண்டார். அதைச் செய்து தரக்கூடிய ஒருவரைத் தேடினார். அவர் தேடிக் கண்டவரே ட்றேகர்.

அல்பிரெட் ஹேர்மன் ட்றேகர் 1895ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் திகதி விக்டோரியா மாநிலத்தில் டிம்பூலா என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள கிளென்லீ என்ற இடத்திலே பிறந்தார். தகப்பனார் ஒரு கமக்காரர். பாட்டனார் காலத்தில் ஜேர்மனியிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அது. அல்பிரெட் சிறுபிள்ளையாக இருக்கையிலேயே குடும்பம் தென் அவுஸ்திரேலியாவிலுள்ள பலக்லாவா என்ற சிற்றூருக்கு இடம்பெயர்ந்தது. கோதுமை வயல்கள் சூழ்ந்த ஊர் அது.

பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது அவர் செய்த ஒரு வேலையை அவரது வரலாற்றை எழுதுவோர் எவரும் விடாமற் குறிப்பிடுவர். வீட்டுக்கும் ஆயுதக்கொட்டிலுக்கும் இடையே ஏறத்தாழ 50 யார் தூரம். அந்தத் தூரத்துக்குத் தாமாகவே ஒரு தொலைபேசி செய்து பேசிக்காட்டினார். புகையிலைப் பேணியின் மூடி ஒலித்தகடாயிற்று. வைக்கோல் அள்ளும் இரும்புக் கவையின் பல் காந்தமாயிற்று. வீட்டிலே கிடைத்த கரித்துகளும் பயன்பட்டது. கடையில் வாங்கிய பொருள் என்று சொல்ல அதிலே அதிகம் இல்லை. கையில் உள்ளதைக்கொண்டு காரியம் பார்க்கும் இக்குணம் கடைசிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

ஊர்ப் பாடசாலையிலே கல்வி கற்றபின் அடிலெயிட் நகரிலுள்ள தொழினுட்பக் கல்லூரியிற் சேர்ந்து 1915ஆம் ஆண்டளவில் பொறியியல், மின்னியல் ஆகிய துறைகளிலே தகைமை பெற்று வெளியேறினார். ட்ராம் வண்டிச் சேவையிலும் பின்னர் தபால் தந்தித் திணைக்களத்திலும் தொழில் பார்த்தார்.

அப்போது முதலாம் உலக மகாயுத்தம் நடந்துகொண்டிருந்தது. இளைஞரான ட்றேகர் தம் நாட்டுக்காகப் படையிற் சேர விண்ணப்பித்தார். ஜேர்மன் வம்சத்தவர் என்ற காரணங்காட்டி அவரைச் சேர்க்க மறுத்துவிட்டனர். பாட்டனார் காலத்திலேயே குடியுரிமை பெற்ற குடும்பம், அந்த மண்ணிலேயே பிறந்த பிள்ளை என்பதெல்லாம் எடுபடவில்லை. அக்காலத்தில் தென் அவுஸ்திரேலியாவில் ஜேர்மனியர் வைத்த ஊர்ப்பெயர்கள் அறுபதுக்கும் மேற்பட்டவை சட்டத்தாலே மாற்றப்பட்டன. அவர்களின் பாடசாலைகளும் மூடப்பட்டன. பிறந்த மண்ணிலே அந்நியராகப் பார்க்கப்படும் வேதனை எத்தகையது என்பதை அனுபவித்தவர்களே அறிவர். தம்மை ஒதுக்கிய அதே நாட்டின் ஒதுக்குப்புற மக்களுக்கே ட்றேகர் பின்னர் உழைத்தார் என்பது கவனிக்கத்தக்கது.

1920களில் அவர் அடிலெயிட்டில் ஒரு மோட்டார், மின்கருவி நிறுவனத்திற் சேர்ந்தார். மோட்டார் வாகனங்களின் மின்பிறப்பாக்கிகளைத் திருத்துவது அங்கே அவருடைய வேலை. ஓய்வு நேரங்களில் வானொலிக் கருவிகளை அமைத்துப் பரிசோதிப்பதிலே ஈடுபட்டு, ஒலிபரப்புவதற்கான அனுமதியும் பெற்றிருந்தார். மின்பிறப்பாக்கியும் தெரியும், வானொலியும் தெரியும். பிளினுக்கு வேண்டியது இவ்விரண்டும் ஒருங்கே தெரிந்த ஒருவர்தான். 1926ஆம் ஆண்டிலே பிளினின் அழைப்பை ஏற்றுக்கொண்டார்.

அவ்வாண்டிலேயே இருவரும் கருவிகளை ஏற்றிக்கொண்டு நாட்டின் நடுப்பகுதியிலுள்ள அலிஸ் ஸ்பிறிங்ஸ் என்ற இடத்துக்குப் புறப்பட்டனர். மணலிலே சில்லுப் புதைய, தோண்டித் தள்ளிச் செல்லும் பயணம். அலிஸ் ஸ்பிறிங்சில் ஒரு கருவியை வைத்துவிட்டு, அங்கிருந்து மேற்கே எண்பது மைல் வரையிலுள்ள ஹேர்மன்ஸ்பேர்க் என்னும் கிராமத்தில் மற்றொன்றைப் பொருத்தினர். ஆதிக்குடிகளாகிய அறண்டா மக்களுக்காக ஜேர்மனியக் குருமார் அமைத்த கிராமம் அது. 1926 நவம்பரிலே அங்கிருந்து அலிஸ் ஸ்பிறிங்சுக்கு வானொலிச் செய்தி போய்ச் சேர்ந்தது.

பரிசோதனை வெற்றிதான். ஆயினும் ட்றேகருக்குத் திருப்தியில்லை. அக்கருவி இயங்குவதற்குப் பாரமான பற்றறிகள் தேவைப்பட்டன. தனிப்பண்ணையில் வாழும் ஒரு குடும்பம் அவற்றை எப்படிப் பேணும்? பழுதடைந்தால் யாரிடம் போகும்? விற்பன்னர் ஒருவர் பக்கத்தில் நின்றால் மட்டும் இயங்கும் கருவி அம்மக்களுக்கு உதவாது. பெட்டி மலிவாக இருக்கவேண்டும், மின்சாரம் இல்லாமல் இயங்கவேண்டும், ஒன்றும் படியாத பெண்பிள்ளையும் இயக்கத்தக்கதாக இருக்கவேண்டும். இந்த மூன்றையும் மனதிற்கொண்டு அவர் அடிலெயிட்டுக்குத் திரும்பித் தம் பட்டறையிலே இருந்துவிட்டார்.

கையாற் சுற்றும் மின்பிறப்பாக்கியை முதலிலே முயன்று பார்த்தார்கள். ஒரு கையாற் சுற்றிக்கொண்டு மறு கையால் மோர்ஸ் குறியீட்டைத் தட்டுவது பெருந்தொல்லையாயிற்று. சுற்றும் கை ஆட, தட்டும் கை தடுமாறும். அப்போதுதான் ட்றேகர் கைகளை விட்டுக் கால்களை நினைத்தார். சைக்கிளின் மிதிகளை எடுத்து மின்பிறப்பாக்கியோடு பொருத்தினார். கதிரையில் இருந்தபடி ஆறுதலாக மிதித்தால் 300 வோல்ட் அளவு அழுத்தத்தில் 20 வாட் மின்வலு கிடைத்தது. கைகள் இரண்டும் செய்திக்கு விடுதலையாயின. 20 வாட் என்றால் ஒரு சிறிய மின்குமிழுக்குப் போதுமானது. அந்தச் சிறு வலுவைக்கொண்டே முந்நூறு மைலுக்கு அப்பாலும் செய்தியை அனுப்ப முடிந்தது. அலைவரிசையை வாடிக்கையாளர் தேடித் திருப்பிக் கொண்டிருக்கத் தேவையில்லாதபடி ஒரு பளிங்குத் துண்டைக்கொண்டு அதனை நிலைநிறுத்தினார்.

1990களில் மின்சாரமும் பற்றறியும் இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட யாழ்ப்பாணத்தவருக்கு இக்கருவியின் அருமையை விளக்கவேண்டியதில்லை. கால் வலித்தாலும் செய்தி வேண்டும் என்று இருந்த நாட்கள் அவை. ஒரு வித்தியாசம், ட்றேகரின் கருவியிலே கேட்கவும் முடியும், தம் குறையைச் சொல்லவும் முடியும்.

இதற்கிடையில் 1928 மே மாதத்திலே குயீன்ஸ்லாந்து மாநிலத்தின் குளொன்கரி என்னும் சிறுபட்டணத்தில் பிளினின் பறக்கும் வைத்தியர் சேவை ஆரம்பமாயிற்று. குவாண்டாஸ் நிறுவனத்திடம் வாடகைக்குப் பெற்ற ஒற்றை இயந்திர விமானத்தில் வைத்தியர் வெல்ச் என்பவர் பறந்தார். முதலாண்டில் 50 பயணங்கள், 225 நோயாளர். ஆனால் அந்த வைத்தியரை அழைத்தவர்கள் பெரும்பாலும் தந்தியோ தொலைபேசியோ எட்டக்கூடிய இடங்களில் இருந்தோரே. அதற்கு அப்பால் இருந்தவர்கள் வானத்திலே விமானம் போவதைப் பார்க்கலாம், கூப்பிட முடியாது.

1929இல் குளொன்கரியிலே தாய்நிலையம் அமைக்கப்பட்டது. ட்றேகர் தாம் செய்த மிதிவானொலிகளை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் புறப்பட்டார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஒகஸ்டஸ் டவுன்ஸ் என்ற மாட்டுப்பண்ணையிலே முதலாவது கருவி பொருத்தப்பட்டது. ஒவ்வொரு வீட்டிலும் தங்கி, கம்பத்தை நட்டு, கம்பியைக் கட்டி, வீட்டுக்காரருக்குப் பழக்கிவிட்டே அடுத்த வீட்டுக்குப் போவார். அதிகம் பேசாத, பொறுமையான மனிதர் என்றே அவரை அறிந்தோர் கூறுவர். பழகியவர்களில் அதிகமானோர் பெண்களே. ஆண்கள் மாடுகளோடு வெளியிற் போய்விட, வீட்டோடு இருந்து குழந்தைகளையும் நோயாளரையும் பார்த்தவர்கள் அவர்கள்தாம்.

இங்கே அடுத்த தடை முன்வந்தது. தாய்நிலையத்தார் குரலிலே பேசுவார்கள். பண்ணையிலிருப்பவரோ மோர்ஸ் குறியீட்டிலேதான் பதில் அனுப்ப முடியும். குழந்தை மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போது எந்தத் தாய்க்குப் புள்ளியும் கோடும் நினைவில் நிற்கும்? மக்கள் மோர்ஸைப் படிக்கவில்லையே என்று ட்றேகர் குறைப்படவில்லை. 1930களின் தொடக்கத்தில் தட்டச்சுப்பொறி போன்ற ஒரு விசைப்பலகையை அமைத்தார். எழுத்தை அழுத்தினால் அதற்குரிய புள்ளியும் கோடும் தாமாகவே போகும். எழுத்துக்கூட்டத் தெரிந்தவர் எவரும் அதன்பின் தந்தி அனுப்பலாயினர். இன்னும் சில ஆண்டுகளில் அக்கருவியையும் தேவையற்றதாக்கினார். 1930களின் நடுப்பகுதியிலே பண்ணைகளிலிருந்தும் குரலாலேயே பேசக்கூடிய கருவியை அவர் உருவாக்கினார். தாம் அரும்பாடுபட்டுச் செய்த ஒன்றைத் தாமே ஒதுக்கிவைக்க எல்லோருக்கும் மனம் வராது.

அன்றிலிருந்து அந்தப் பெருவெளியின் வாழ்க்கை மாறியது. வைத்தியரிடம் நோயின் குணங்குறிகளைச் சொல்லி ஆலோசனை பெற்றார்கள். 1942ஆம் ஆண்டு தொடக்கம் பண்ணைகளுக்கு மருந்துப்பெட்டி ஒன்று வழங்கப்பட்டது. அதிலுள்ள மருந்துகளுக்கு இலக்கமிட்டிருப்பார்கள். இன்ன இலக்க மருந்தை இத்தனை வேளை கொடு என்று வைத்தியர் வானொலியில் சொன்னாற் போதும். பின்னர் உடலின் பாகங்களுக்கு இலக்கமிட்ட படமும் வந்தது. எந்த இலக்கத்தில் நோகிறது என்று நோயாளி சொல்வார். நள்ளிரவில் ஆபத்து நேர்ந்தால் தாய்நிலையத்தில் உறங்குபவரை எழுப்புவதற்கும் ஓர் உபாயம் இருந்தது. இரண்டு தொனியுடைய ஒரு விசிலை ஒலிவாங்கி முன் ஊதினால் அங்கே எச்சரிக்கை மணி அடிக்கும்.

வைத்தியத்துக்காக வந்த வானொலி வேறு தாகங்களையும் தீர்த்தது. மாதக்கணக்காக இன்னொரு பெண்ணின் குரலைக் கேட்டறியாத பண்ணைப் பெண்கள், குறித்த நேரத்தில் ஒருவரோடொருவர் கதைக்கத் தொடங்கினர். கலகலவென்று கத்தும் கலா என்னும் அந்நாட்டுக் கிளியின் பெயரையே அந்த நேரத்துக்கு வைத்துவிட்டார்கள். பகிடியாக வைத்த பெயரானாலும் தனிமையிலே வாடியவர்களுக்கு அந்த அரைமணி ஒரு மருந்தாகவே இருந்திருக்கும். பிள்ளைகளும் இக்கருவியைச் சரளமாகக் கையாளுவதைக் கண்ட அடெலெயிட் மீத்கே என்ற கல்விமான், இதன்மூலம் பாடமும் நடத்தலாமே என்று எண்ணினார். அவர் முயற்சியால் 1951ஆம் ஆண்டு ஜூனில் அலிஸ் ஸ்பிறிங்சிலே வான்வழிப் பாடசாலை தொடங்கியது. நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்த பிள்ளைகள் ஒரே வகுப்பாகி, ஆசிரியையின் கேள்விக்கு மறுமொழி சொன்னார்கள்.

ட்றேகர் 1937இல் இல்லறத்தில் இணைந்தார். 1944ஆம் ஆண்டு பிரித்தானிய அரசு அவருக்கு ஓ.பி.ஈ. விருது வழங்கிக் கௌரவித்தது. ஒருகாலத்தில் சீருடை அணியத் தகுதியற்றவர் எனத் தள்ளப்பட்டவருக்கு, இன்னொரு ஜேர்மன் யுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையிலே அக்கௌரவம் கிடைத்தது. அதைப்பற்றி அவர் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை. 1948இல் மனைவியை இழந்தார். பின்னர் 1956இல் மறுமணம் செய்துகொண்டார். தம் பெயரிலே நிறுவனம் ஒன்றை அமைத்து வானொலிக் கருவிகளைத் தொடர்ந்து செய்தார். அவரது கருவிகள் நைஜீரியா, கனடா ஆகிய தேசங்களுக்கும் சென்றன. முதுமையிலும் அவரது மூளை ஓய்ந்திருக்கவில்லை. உவர்நீரைச் சூரிய வெப்பத்தால் நன்னீராக்கும் முயற்சியிலும் ஈடுபட்டார்.

பிளின் 1951இல் மறைந்தார். 1994இல் வெளிவந்த அவுஸ்திரேலிய 20 டொலர் தாளிலே அவரது உருவம் பொறிக்கப்பட்டது. அவர் முகத்துக்கு அருகே, சிறிதாக, மிதிவானொலியின் படமும் உண்டு. பறக்கும் வைத்தியர் சேவை என்றால் பிளினின் பெயரையே உலகம் சொல்லும். அதிலே தவறில்லை, கனவு அவருடையது. ஆயினும் ட்றேகரின் பெட்டி இல்லாதிருந்தால் அந்த விமானம் அழைப்பாரின்றிக் குளொன்கரியிலேயே பெருநேரம் நின்றிருக்கும்.

ட்றேகர் 1980ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் திகதி, தமது 85ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாட்கள் முன்னதாக, அடிலெயிட்டிலே காலமானார். அலிஸ் ஸ்பிறிங்சிலுள்ள விளையாட்டரங்கு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2017ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்து குயீன்ஸ்லாந்துச் சட்டசபையின் தொகுதி ஒன்றுக்கும் ட்றேகர் என்றே பெயர். அவர் கருவிகளை ஏற்றிக்கொண்டு பண்ணை பண்ணையாகத் திரிந்த குளொன்கரி அத்தொகுதிக்குள்ளேயே இருக்கிறது.